ஊற்று உணர்த்தும் இறைநம்பிக்கை

மனித வாழ்வு இன்பமும் துன்பமும் கலந்தது. இன்பம் வரும்போது இறைவனை மறந்துவிடுவதும், துன்பம் வரும்போது இறைவன் எங்கே என்று கேட்பதும் மனித இயல்பு. தீபாராதனை வேளையிலே கண்ணீர் மல்கக் கைகூப்பி நிற்கும் அடியவரும், கோயில் வாசலைக் கடந்து வீதியில் காலெடுத்து வைத்தவுடன் மனந்தளர்ந்து போவதுண்டு. அப்படியாயின் நம்பிக்கை என்பது திருவிழாக் காலத்துக்கு மட்டும் உரியதா? அன்றாட வாழ்வில் ஒருவனைத் தாங்கி நிற்கும் நம்பிக்கையை எங்கே தேடுவது? இவ்வினாவுக்கு விடை தேடி அச்சுவேலி மக்கள் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. அது அவரவர் வளவுக் கிணற்றிலேயே இருக்கின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மாத்திரம் ஓடிக் கோடையில் வறண்டு கிடப்பது. மலையும் இல்லை, மலையருவியும் இல்லை. ஆயினும் வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களிலே வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் மரக்கறியும் தலைமுறை தலைமுறையாக விளைந்து வருகின்றன. இதற்குக் காரணம் மண்ணின் கீழ் இருக்கும் சுண்ணாம்புக்கல். இங்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே பெய்துவிடுகின்றது. அந்த நீர் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, யார் கண்ணுக்கும் தெரியாமல் நிலத்தின் கீழே தங்குகின்றது. கார்த்திகையில் பெய்த மழையைத்தான் சித்திரை வெயிலில் தோட்டக்காரன் இறைத்துப் பயிருக்குப் பாய்ச்சுகின்றான்.

அந்த நீர் அங்கே தங்கி நிற்கும் விதம் வியப்பிற்குரியது. குடாநாட்டைச் சூழவும் கடல். நிலத்தின் அடியிலும் உவர்நீர் புகுந்திருக்கின்றது. கடல்நீர் நன்னீரிலும் பார்க்க ஏறத்தாழ 40இல் ஒரு பங்கு பாரம் கூடியது. ஆகையால் மழைநீர் அதன்மேல் மிதந்து நிற்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டவரான கைபன் என்பவரும், 1901ஆம் ஆண்டில் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க் என்பவரும் இதனைக் கணக்கிட்டுக் கூறினர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பதே அக்கணக்கு. மேலே இருப்பது ஓரடி. அதனைத் தாங்கி நிற்பது நாற்பது அடி.

அயலூரான நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். இராமபிரான் தம் சேனையின் தாகம் தீர்க்க அம்பு எய்து உண்டாக்கியது என்பது அக்கிணற்றின் ஐதீகம். அதன் மேல்நீர் நன்னீர். ஆழத்து நீர் உவர்நீர். உவரும் நன்னீரும் ஒரே கிணற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதுபோலவே மனித வாழ்விலும் துன்பத்தின்மேல் இன்பம் மிதக்கின்றது. கீழே உவர் இல்லையென்று சொல்வது நம்பிக்கை அன்று. உவர் இருப்பதை அறிந்தும் மேலே நல்ல நீர் உண்டு என்று வாளியை இறக்குவதே நம்பிக்கை.

நமிநந்தியடிகள் நாயனாரின் வரலாற்றைச் சைவ மக்கள் அறிவர். திருவாரூரிலே விளக்கேற்ற நெய் கேட்டுச் சென்றவரை அயல்வீட்டார் பரிகசித்து அனுப்பினர். மனம் நொந்து நின்ற நாயனார், இறைவன் ஆணைப்படி குளத்து நீரை முகந்து விளக்கேற்றினார். இந்த அற்புதத்தைக் கேட்டு மெய்சிலிர்ப்பவர்கள், மழைநீர் கல்லுக்குள் ஒளிந்திருந்து ஆறு மாதத்தின் பின் வெங்காயத் தாளில் பச்சையாக எழும் அற்புதத்தைக் கண்டும் காணாதவர்போல் நடந்து செல்கின்றனர். தினமும் நிகழ்வதால் அது அற்புதம் அல்ல என்று ஆகிவிடுமா?

சைவசமயம் இயற்கையை இறைவனுக்கு வேறாக வைத்ததில்லை. நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் என்னும் ஐந்துக்கும் காஞ்சி, திருவானைக்கா, திருவண்ணாமலை, திருக்காளத்தி, தில்லை எனத் தலங்கள் வகுத்தது. திருவானைக்காவிலே கருவறையில் எந்நேரமும் நீர் ஊறிக்கொண்டிருப்பதை இன்றும் காணலாம். கும்பத்தில் நீர் நிறைத்து மாவிலையும் தேங்காயும் வைத்துத்தான் இறைவனை எழுந்தருளச் செய்கின்றோம் என்று சிவாச்சாரியார்கள் கூறுவர். அந்த நீரும் கிணற்றிலிருந்தே வருகின்றது. விடியற்காலையில் முற்றத்துக்குச் சாணித் தண்ணீர் தெளித்து, செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பறித்துச் சாமிப்படத்துக்கு வைக்கும் குடும்பப் பெண்ணும் அந்த நீரில் கை நனைத்தே நாளைத் தொடங்குகின்றாள்.

இவையெல்லாம் அமைதியான காலத்துக்குப் பொருந்தும், ஊரே பெயர்ந்தபோது நம்பிக்கை எங்கே போயிற்று என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே அது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தில் அடியெடுத்து வைக்க இடமின்றிச் சனம் நெருங்கியது. முதியவர்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளினர். குழந்தைகளின் வாயில் குடையின் ஓரத்தால் வடிந்த மழைநீரை விட்டனர். தென்மராட்சியிலே பாடசாலை விறாந்தைகளிலும் மரங்களின் கீழும் தங்கியவர்கள், சுவாமி படம் இல்லாத இடத்திலும் மாலையில் ஒரு சிறு விளக்கை ஏற்றினர். அந்த விளக்கு எவருடைய கேள்விக்கும் விடை சொல்லவில்லை. ஆனால் அதை ஏற்றிய கை மறுநாளும் அடுப்பை மூட்டியது.

1996ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலிருந்து மக்கள் திரும்பி வரத் தொடங்கினர். கூரை இல்லாத வீடுகள். பற்றை மூடிய தோட்டங்கள். குப்பை கூளம் நிறைந்த கிணறுகள். அக்காலத்தில் வீட்டைத் தொடாமல் முதலிற் கிணற்றை இறைக்கத் தொடங்கிய முதியவர் ஒருவரைப் பற்றி ஊரிலே ஒரு பேச்சு உண்டு. உதவிக்கு நின்ற பேரன் சலிப்போடு கேட்டானாம்: “அப்பு, கூரையில்லாத வீட்டுக்கு ஏன் முதல் கிணறு?”

“கூரை இல்லாமல் ஒரு இரவு படுக்கலாம் ராசா. தண்ணி இல்லாமல் விடியாது.”

“இவ்வளவு ஊத்தைக்குக் கீழை ஊற்று இருக்குமெண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்?”

“தெரிஞ்சே இறைக்கிறம்? இறைச்சாத்தான் தெரியும்.”

மூன்றாம் நாள் கலங்கல் நீங்கித் தெளிந்த நீர் ஊறியது. முதற் குடம் அயலில் இருந்த ஆலயத்தின் படியைக் கழுவச் சென்றதாம்.

அந்த முதியவரின் சொல்லிலே பெரிய தத்துவம் அடங்கியிருக்கின்றது. தெரிந்த பின் செய்வது கணக்கு. தெரியாதபோதும் செய்யவேண்டியதைச் செய்வதே நம்பிக்கை. நெற்றியில் திருநீறு பூசிவிட்டு ஊற்று தானே மேலே வரும் என்று கிணற்றடியில் உட்கார்ந்திருந்தால் அது சோம்பல். நேர்த்தி வைத்ததால் இறைவன் தந்தேயாகவேண்டும் என்று எண்ணினால் அது வியாபாரம்.

அச்சுவேலிக்கு அயலில் உள்ள வளலாயில் 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்தோரின் காணிகளில் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே விடுவிக்கப்பட்டது. 25 ஆண்டுகளின் பின் வலிகாமம் வடக்கிலும் அதன் அயலிலும் திரும்பிச் சென்றவர்களிற் பலருக்கு வேலியும் இல்லை, வீடும் இல்லை. எஞ்சியிருந்த கிணற்றைக் கொண்டே தங்கள் காணியை அடையாளங் கண்டவர்களும் உளர். எல்லாம் அழிந்த இடத்திலே, மண்ணுக்குள் தோண்டி வைத்தது மட்டும் அழியாமல் இருந்தது.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. கிணற்றைத் திரும்பப் பெற்றவர் எல்லோரும் பிள்ளையைத் திரும்பப் பெறவில்லை. காணாமற்போன மகனுக்காக ஆண்டுதோறும் அருச்சனைச் சீட்டில் பெயரும் நட்சத்திரமும் எழுதும் தாயிடம், எல்லாம் முன்வினைப் பயன் என்று கூறுவது சமயம் அன்று, அது இரக்கமின்மை. நம்பிக்கை துன்பத்துக்குக் காரணம் கற்பிப்பதற்காக ஏற்பட்டதன்று. அவள் பக்கத்தில் அமர்ந்து பஞ்சாமிர்தத்தைக் கையில் கொடுத்து, வீடுவரை கூடச் செல்லும் அயலவளிடத்தில்தான் அது இருக்கின்றது. வெளியே தெரியும் ஓரடிக்குக் கீழே அவளைத் தாங்கும் நாற்பது அடியாக ஊர் இருக்கவேண்டும்.

நம்பிக்கைக்குக் கடமையும் உண்டு. முன்னைய நாளிலே துலா மிதித்துப் பட்டையால் இறைத்தபோது மனித உடலின் களைப்பே நீருக்கு அளவுகோலாக இருந்தது. தோட்டக் காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டன. பங்காளர் தத்தம் முறைநாளிலேயே இறைத்தனர். இயந்திரம் வந்தபின் அளவு மறந்துபோயிற்று. அதே நாற்பதின் கணக்கு இங்கே எதிர்மாறாக வேலை செய்யும். நன்னீரின் மட்டம் ஓரடி தாழ்ந்தால் அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி வரை மேலெழ இடமுண்டு. உவரேறிய கிணறு நன்னீராவதற்குப் பல மாரிகள் தேவைப்படும். அளவுக்கு மீறிய பசளையும் மலக்குழிக் கசிவும் அதே கல்வெடிப்பு வழியே இறங்கிக் குடிநீரில் நைத்திரேற்றாகக் கலக்கின்றன. ஆலயத்திலே தீர்த்தமென்று உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சும் நீரையே தோட்டத்தில் நஞ்சாக்கினால், அந்தப் பக்தி எத்தகையது?

எனவே, இறைநம்பிக்கையைத் தேடுவோர் நாளை காலை கிணற்றடியில் ஒரு கணம் நின்று பார்ப்பாராக. கீழே தெரிவது தன் முகமும் ஆகாயமும் மாத்திரமே. நீரைத் தந்த மழையும், தேக்கிய கல்லும், தோண்டிய முன்னோரும், இறைத்துத் துப்புரவாக்கிய கைகளும் அங்கே தெரிவதில்லை. தெரியாத அவற்றின்மேல்தான் தெரிகின்ற வாழ்வு மிதந்து நிற்கின்றது. அதனை உணர்ந்தவன் அளவோடு எடுப்பான். அயலவனுக்கு விட்டு எடுப்பான். அடுத்த மாரிக்கு வாய்க்காலைத் திருத்தி வைப்பான்.

ஊற்று வற்றாதிருக்கவும், உள்ளங்கள் உவராதிருக்கவும், பிரிந்தோர் மனம் ஆறுதல் பெறவும் எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.

மேன்மைகொள் சைவ நெறியில் ஊர் தழைப்பதாக. சுபம்.