உண்மையை அறிந்த பின்

குற்றவாளி இன்னார் எனக் கண்டறிந்ததுடன் துப்பறிவோனின் கடமை முற்றுப்பெறுகிறதா? அன்றி, அறியாதவனுக்கு இல்லாத பொறுப்பொன்று அறிந்தவன்மீது வந்து அமர்கிறதா? இவ்வினாவை நம்முன் எழுப்புவது அறநூல் அன்று. சிறுவர்க்குரியதெனப் பலரும் ஒதுக்கும் ஜப்பானியச் சித்திரப்படத் தொடர் ஒன்றேயாகும்.

கோஷோ அவோயாமாவின் சித்திரக்கதையைத் தழுவி 1996-ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் தொடங்கியது ‘டிடெக்டிவ் கோனன்’. நஞ்சினால் சிறுவனாகிவிட்ட துப்பறியும் இளைஞனே அதன் நாயகன். அவ்வாண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் ஒளிபரப்பான பதினோராம் பகுதி, சுகிகாகே என்னும் கற்பனைத் தீவில் நிகழ்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே பியானோக் கலைஞர் அசோ கெய்ஜி, எரியும் இல்லத்தில் பீத்தோவனின் ‘நிலவொளி’ இசையை மீட்டியவாறே குடும்பத்துடன் மாண்டார் என்பது ஊரார் பேச்சு. இப்போது அதே இசை ஒலிக்க, ஊர்ப் பெரும்புள்ளிகள் ஒருவர்பின் ஒருவராய்க் கொல்லப்படுகின்றனர். முதலாமவர் கடல்நீரில் மூழ்கடிக்கப்பட்டுப் பியானோவின்மேல் கிடக்கிறார்.

அவர்கள் போதைப்பொருள் கடத்தலில் அக்கலைஞரை ஈடுபடுத்தி, அவர் விலக முற்பட்டபோது கொன்றவர்கள். பழி தீர்ப்பவரோ அத்தீவின் மருத்துவர் நருமி; பெண் வேடத்தில் வாழும் கலைஞரின் மகன் செய்ஜி. ஒரே எழுத்துகளை நருமி என்றும் செய்ஜி என்றும் படிக்க இயலும்.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. உயிர் காக்கக் கற்ற கல்வியும், மருத்துவரின் சொல்மீது மக்கள் வைத்த நம்பிக்கையும் கொலையை மறைக்கும் கருவிகளாயின. இறந்த நேரத்தை அவரே பிழையாகக் கூறினார். அநீதிக்கு ஆளானவர் என்பதால் அவர் செய்தது நீதியாகிவிடாது.

தந்தை இசைக்குறிப்பில் மறைத்துவைத்த செய்தியைக் கோனன் படித்துவிடுகிறான். நீயாவது நேர்மையாக வாழ் என்பதே மகனுக்கு அவர் விட்டுச்சென்ற சொல். அதை ஏந்தி, தீப்பற்றிய மண்டபத்தினுள் ஓடுகிறான். காலம் கடந்துவிட்டது. தம் கைகளும் கறைபட்டுவிட்டன எனக் கூறிய செய்ஜி, சிறுவனை வெளியே எறிந்து காப்பாற்றிவிட்டு, இசைத்தவாறே தீக்கிரையாகிறார்.

அவர் தம் விருப்பால் மாண்டார். துப்பறிந்தவன் என்ன செய்வான் என்று வினவலாம். சட்டத்தின்முன் அவ்வாதம் நிற்கும். ஆயின் கோனனின் மனச்சான்று அதனை ஏற்கவில்லை. பின்னர் வரும் வேறொரு வழக்கில், குற்றவாளியைத் தருக்கத்தால் மடக்கிச் சாகவிடும் துப்பறிவோனும் கொலைகாரனுக்கு ஒப்பானவனே என்னும் கருத்தை அவன் உரைக்கிறான்.

இக்கூற்று மிகையே. கொன்றவனும் காக்கத் தவறியவனும் ஒருவராகார். எனினும் அம்மிகையினுள் ஓர் உண்மை உறைகிறது. பிறருடைய குற்றத்தை வெளிப்படுத்தும் ஆற்றல் பெற்றவன், வெளிப்பட்டபின் அம்மனிதன் என்னாவான் என்பதையும் எண்ணியாக வேண்டும். கற்றோர், நீதிபதி, ஆசிரியர் அனைவர்க்கும் இது பொருந்தும். பிழையைச் சுட்டுதல் எளிது. பிழைத்தவன் வாழ்ந்து, பொறுப்பேற்று, திருந்த வழிவிட்டுச் சுட்டுதலே அரிது. குற்றம் வெல்லப்பட வேண்டும். குற்றவாளி காக்கப்பட வேண்டும்.