யுத்தத்தை எதிர்த்த கட்சிக்குக் கைம்மாறு உண்டா?

யுத்தம் தொடங்கும் நாளில் கைதட்டுவோர் பலர். எதிர்த்துப் பேசுவோர் சிலர். யுத்தம் முடிந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் அழுகை ஓய்ந்த பின்னரோ, “இது வேண்டாம் என்று அன்றே சொன்னோம்” என்போரின் தொகை பெருகிவிடுகிறது. அப்படியானால், முதல் நாளிலேயே எதிர்த்து நின்ற அரசியற் கட்சிக்குக் காலம் கைம்மாறு செய்யுமா? அன்பான வாசகரே, வாக்குரிமை உடைய நாம் அனைவரும் சிந்திக்கவேண்டிய கேள்வி இது. பிரித்தானியாவின் வரலாறு இதற்கு நல்ல பாடமாக அமைகிறது.

1914 ஓகஸ்ட் 3ஆம் திகதி பிரித்தானிய பாராளுமன்றம் யுத்தத்தின் வாயிலில் நின்றது. தொழிற் கட்சியின் தலைவர் றாம்சே மக்டொனால்ட் எழுந்து, நாடு இதில் இறங்கலாகாது என்று பேசினார். இரண்டே நாட்களில் அவருடைய கட்சி அங்கத்தவர்களுட் பெரும்பான்மையோர் யுத்தத்தை ஆதரிக்கத் தீர்மானித்தனர். அவர் தலைமையைத் துறந்தார். அவ்விடத்துக்கு வந்த ஆதர் ஹென்டர்சன் 1915இல் மந்திரிசபையிலும் சேர்ந்துகொண்டார்.

அதன்பின் மக்டொனால்ட் பட்ட அவமானம் கொஞ்சமன்று. தேசத் துரோகி என்று அவரைத் தூற்றினர். அவர் விவாகமாகாத தாயின் பிள்ளை என்பதை வெளிப்படுத்த, ஒரு பத்திரிகை அவருடைய பிறப்புச் சான்றிதழையே அச்சிட்டது. சொந்த ஊரிலிருந்த கோல்ப் கழகமும் அவரை நீக்கியது. 1918ஆம் ஆண்டுத் தேர்தலில் லெஸ்ரர் தொகுதியில் அவர் படுதோல்வி அடைந்தார்.

ஆனால் 1922இல் அவர் மீண்டும் பாராளுமன்றம் வந்தார். கட்சியின் தலைமையும் அவரிடம் திரும்பிற்று. 1924 ஜனவரியில் தொழிற் கட்சியின் முதற் பிரதமரானார். 1918இல் 57 ஆசனங்களைப் பெற்றிருந்த கட்சி, 1923இல் 191 ஆசனங்களைப் பெற்றது. நாட்டை யுத்தத்தில் இறக்கிய லிபரல் கட்சியோ, யுத்தகாலத்திலேயே தலைவர்களின் பிணக்கினாற் பிளவுண்டது. பின்னர் ஒருபோதும் தனித்து அரசாங்கம் அமைக்கவில்லை.

யுத்த எதிர்ப்பே இந்த வெற்றியைத் தந்தது என்று அவசரப்பட்டு முடிவு செய்யலாகாது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமையைப் பெரிதும் விரிவாக்கியிருந்தது. தொழிலாளர் சங்கங்களும் வலுப்பெற்றிருந்தன. எனினும் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. தன்னோடு முரண்பட்ட மனிதரை அக்கட்சி வெளியே தள்ளிவிடவில்லை. யுத்தத்தை ஆதரித்த ஹென்டர்சன் 1917இல் மந்திரிசபையை விட்டு விலகி, சமாதானத்துக்கான கோரிக்கைகளை வகுப்பதில் மக்டொனால்டுடன் சேர்ந்து உழைத்தார். மனச்சாட்சியின் குரலுக்கு வீட்டில் ஓர் இடம் விட்டு வைத்த கட்சி, மக்கள் மனம் மாறியபோது அவர்களை வரவேற்க ஆயத்தமாயிருந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2003இல் அதே தொழிற் கட்சியின் அரசாங்கம் ஈராக் யுத்தத்தில் இறங்கியது. பெப்ரவரி 15ஆம் திகதி இலண்டன் வீதிகள் எதிர்ப்பாளரால் நிரம்பின. மார்ச் மாதத்தில் றொபின் குக் மந்திரிப் பதவியைத் துறந்தார். லிபரல் ஜனநாயகக் கட்சி யுத்தத்தை எதிர்த்தது. 2005ஆம் ஆண்டுத் தேர்தலில் 62 ஆசனங்களைப் பெற்றது. ஆயினும் 2010இல் கூட்டரசாங்கத்திற் சேர்ந்தபின், பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பற்றி மாணவருக்குக் கொடுத்த வாக்கை அது மீறியது. 2015இல் அதற்கு எஞ்சியவை 8 ஆசனங்களே. ஒரு காரியத்தில் உண்மை பேசிச் சம்பாதித்த நம்பிக்கை, வேறொரு காரியத்தில் வாக்குத் தவறியதால் வீணாயிற்று.

எல்லா யுத்த எதிர்ப்பும் விவேகமானதென்றும் கொள்ளலாகாது. 1930களில் தொழிற் கட்சியின் தலைவராயிருந்த ஜோர்ஜ் லான்ஸ்பரி, எந்த யுத்தமும் ஆகாதென்று உறுதியாய் நம்பிய நல்ல மனிதர். ஆக்கிரமிப்பைத் தடுக்க வழியென்ன என்று கட்சி கேட்டபோது, 1935இல் அவர் விலக நேர்ந்தது. 1940இல் சேர்ச்சிலின் அரசாங்கத்திற் சேர்ந்து ஹிட்லரை எதிர்த்த அக்கட்சியையே 1945இல் மக்கள் பெருவெற்றியுடன் தெரிந்தெடுத்தனர்.

ஆகவே, யுத்த எதிர்ப்பு உணர்ச்சி கடல் வற்றுப்பெருக்குப் போன்றது. அதை நம்பித் தோணி விடும் கட்சி வற்றும்போது சேற்றிற் சிக்கும். நிலைத்து நிற்பது, நட்டம் வருமென்று தெரிந்தும் உண்மை பேசினார்கள் என்று மக்கள் மனதிற் பதியும் நம்பிக்கையே. அதற்கும் உத்தரவாதமில்லை. 1917இல் பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் யுத்தத்தைப் பயனற்ற படுகொலை என்று கண்டித்தபோது, போரிட்ட நாடுகள் செவிசாய்க்கவில்லை. அதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடவில்லை.

கைம்மாறு நிச்சயமில்லாததனாலேயே, மனித உயிரைப் பற்றிய தீர்மானத்தை வாக்குக் கணக்கில் எடுக்கலாகாது. இந்தக் கடமை கட்சிகளுக்கு மட்டும் உரியதன்று. லெஸ்ரர் மக்களும் நம்மைப் போன்ற குடும்பத்தவர்களே. எதிர்த்துப் பேசியவரை அவர்கள் தண்டித்தார்கள். சில ஆண்டுகளில் நாடு அவரைப் பிரதமராக்கியது. அடுத்த முறை எங்காவது ஒருவர் தனித்து நின்று “வேண்டாம்” என்று சொல்லும்போது, அவர் எக்கட்சியினர் என்று கேட்குமுன், அவர் சொல்வது உண்மையா என்று நம் வீட்டு மேசையில் இருந்து கேட்போமாக.