அய்யா என்று அழைக்கும் வீட்டில்



தென் திருவிதாங்கூர்ச் சீமையில் பெற்ற தகப்பனை 'அய்யா' என்று கூப்பிட்ட வீடுகள் அநேகம். அதே சொல்லால்தான் வைகுண்டப் பரம்பொருளையும் அழைக்கிறோம். ராஜா என்று அழைத்திருக்கலாம், குரு என்று அழைத்திருக்கலாம். நம் முன்னோர் தகப்பன் முறை வைத்தே அழைத்தார்கள். அப்படியானால் நம் வீட்டுத் தகப்பனும் அந்தப் பெயருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவன்தானே?

கொல்லம் 1008 மாசி 20 (1833) அன்று திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா எழுந்தருளினார். அதற்கு முன் கடலுக்குள்ளே தந்தை நாராயணர் மகன் வைகுண்டருக்கு விஞ்சை அருளினார் என்று அகிலத்திரட்டு கூறுகிறது. அந்தப் பகுதியை ஏடு வாசிப்பில் கேட்டவர்களுக்குத் தெரியும், 'மகனே, மகனே' என்ற அழைப்பு எத்தனை முறை வருகிறது என்று. உலகத்தில் என்ன நடக்கும், எதைத் தாங்க வேண்டியிருக்கும், எப்படிப் பொறுமையாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித்தான் மகனை அனுப்புகிறார். ஒருமுறை சொன்னதோடு விட்டுவிடவுமில்லை. பின்னர் முட்டப்பதிக் கடலுக்கும் மகனை அழைத்து விஞ்சை கொடுக்கிறார். துன்பப்பட்ட பிள்ளையை மறுபடியும் அழைத்துப் பேசும் தகப்பன் அவர்.

நிழல்தாங்கல் ஒன்றுக்குச் சிறுவயது முதல் வந்துபோகும் ஓர் அன்பர் இருக்கிறார். அவருடைய தகப்பனார் பனையேறி. விடியுமுன் ஏறி, இருட்டிய பின்னும் ஏறி, அக்கானி இறக்கிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை; கையில் எது கிடைக்கிறதோ அதால் அடிப்பார். பையனுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர் தாய்மாமன். தலைப்பாகை கட்டிவிட்டவர் தாங்கலின் வயதான பணிவிடைக்காரர்.

அந்தப் பெரியவர் நின்றுகொண்டு கட்டமாட்டார். தரையில் அமர்ந்து, பையனின் உயரத்துக்கு வந்து, துண்டை மடித்துச் சுற்றி, நெற்றியில் நாமம் இட்டுவிட்டு, "சோறு தின்னியா மக்கா?" என்று கேட்பார். அவ்வளவுதான். வேறு உபதேசம் எதுவும் அந்தப் பையன் அவரிடம் கேட்டதில்லை.

பையன் வளர்ந்து, தானும் தகப்பனாகி, தன் பிள்ளையைத் தொட்டு அடிப்பதில்லை என்று மனதில் உறுதி வைத்திருந்தார். மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற அன்று அந்த உறுதி போயிற்று. கை ஓங்கியது. வாயில் வந்த வசவும் தன் தகப்பனார் சொன்ன அதே வசவு, ஓர் எழுத்து மாறாமல். மகன் அழவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அன்று முதல் பேச்சு நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தலைப்பாகை கட்டிப் பள்ளியறைக் கண்ணாடி முன் நின்றார். தலைப்பாகைக்குக் கீழே தெரிந்த முகம் தகப்பனாருடைய முகமாகவே இருந்தது.

அந்தத் தலைப்பாகை யாருக்காக வந்தது? பனை ஏறும் ஏணிக்கும் தளைக்கும்கூட வரி கட்டி, கூலியில்லாத ஊழியம் செய்து, முட்டுக்குக் கீழே வேட்டி இறக்கவும் தலையில் துணி கட்டவும் உரிமையில்லாமல் குனிந்து நின்ற மக்களுக்காக. அவர்கள் தலை நிமிர வேண்டும் என்றுதான் அய்யா கட்டச் சொன்னார். வெளியே குனிந்து அடி வாங்கியவனின் கை வீட்டுக்குள்ளே நீளும். அது தகப்பனிடமிருந்து மகனுக்கும் இறங்கும். எளியவரைக் காப்பதுதான் தர்மம் என்று படிக்கிறோமே, நம் வீட்டுக்குள்ளே எளியவர் யார்? நம்மைத் திருப்பி அடிக்க முடியாத பிள்ளைதான். நாம் தலையில் பாகை கட்டிக்கொண்டு, பிள்ளையின் தலையைக் குனியவைத்தால் அய்யாவுக்கு என்ன பதில் சொல்வது?

அடித்து வளர்த்ததால்தான் ஆளானோம் என்று திண்ணையில் பேசுவோர் உண்டு. அடிபட்ட இரவில் எழுப்பிச் சோறு ஊட்டிய தாயை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

இறந்துபோன தகப்பனார்மேல் அந்த அன்பருக்கு இருந்த கோபமும் அன்றைக்குக் கொஞ்சம் இளகியது. அவரைத் தரையில் அமர்ந்து பார்த்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அதற்காக அந்த அடி சரியாகிவிடாது, அது வேறு.

வீட்டுக்கு வந்தவர் மகனை அழைத்து வைத்துப் பேசவில்லை. இரவு அவன் படிக்கும் இடத்தில் போய்த் தரையில் அமர்ந்து, கணக்குப் புத்தகத்தை எடுத்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். "இது என்னதுன்னு எனக்குச் சொல்லு மக்கா" என்றார். மகன் பேசவில்லை. மறுநாளும் போய் அமர்ந்தார். நாலாம் நாள் அவன் ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்தான். அவருக்கு விளங்கவில்லை, இரண்டாம் தடவையும் சொன்னான்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு இருவரும் தாங்கலுக்கு வருகிறார்கள். மகன் தலைப்பாகையைத் தானே கட்டுகிறான். கொஞ்சம் கோணலாக இருக்கிறது. தகப்பன் அதைத் தொடுவதில்லை. பணிவிடை முடிந்ததும் அவர் வாசலில் நிற்கும் சின்னப் பிள்ளைகளிடம் போய் அமர்ந்துவிடுகிறார். கட்டிவிடத் தகப்பன் இல்லாத பிள்ளைகள் அதில் இரண்டு மூன்று உண்டு.

அய்யா உண்டு.