வராத நாளின் கட்டணம்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, என் மகளின் நாடக ஆசிரியைக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். மரியாதையாகத்தான் எழுதியிருந்தேன். பன்னிரண்டு சனிக்கிழமைகளுக்கு 6,000 ரூபாய் கட்டியிருக்கிறோம், அதாவது வகுப்புக்கு 500. குலதெய்வக் கோயிலுக்குப் போனதில் ஒரு வாரம், காய்ச்சலில் ஒரு வாரம் என்று அவள் இரண்டு வகுப்புகளுக்கு வரவில்லை. அந்த 1,000 ரூபாயை அடுத்த பருவக் கட்டணத்தில் கழித்துக்கொள்ள முடியுமா? பதில் ஒரே வரியில் வந்தது: "சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வாங்க சார், பேசலாம்."

அந்த வாரம் முழுக்க என் தரப்பு வாதங்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன். என் தொழில் அப்படி. மென்பொருளை மாதச் சந்தாவுக்கு விற்கும் ஒரு நிறுவனத்தில் பில்லிங் பகுதியை எழுதுவதுதான் என் வேலை. வாடிக்கையாளர் மாதத்தின் நடுவில் விலகிக்கொண்டால் மிச்ச நாட்களுக்கு எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்று பைசா சுத்தமாகக் கணக்குப் போடும் நிரலை நானே எழுதியிருக்கிறேன். பயன்படுத்தாததற்குப் பணம் வாங்கக்கூடாது என்பது எனக்கு ஏறக்குறைய ஓர் அறமாகவே பழகிப்போயிருந்தது.

விதிகள் எல்லாம் சேரும்போது கொடுத்த தாளில் இருக்கத்தான் செய்தன. எல்லோரையும் போல நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். இப்போது எடுத்துப் படித்தேன். முக்கியமானவை மூன்று. வராத வகுப்புக்குப் பணம் திருப்பித் தரப்படாது, அடுத்த பருவத்துக்கும் எடுத்துச்செல்ல முடியாது. கடைசி நான்கு வாரங்கள் ஒத்திகை. அதில் இரண்டுக்கு வராவிட்டால் வேடம் வேறு குழந்தைக்குப் போகும். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம், ஆனால் ஆறாவது வாரத்துக்குள் முழுவதும் கட்டாத குழந்தை இறுதி நாடகத்தில் கலந்துகொள்ள முடியாது.

சனிக்கிழமை போனேன். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருக்கும் சின்ன ஹால்தான் வகுப்பு. குழந்தைகள் சேர்ந்து உருவாக்கிய கதை ஒன்று அங்கே ஒத்திகைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள் நிலா விழுந்துவிடுகிறது, ராஜா கட்டளையிட ஊரே சேர்ந்து கயிறு போட்டு இழுக்கிறது. என் மகள் கயிற்றின் ஒரு முனையைப் பிடிப்பவள்.

என் கணக்கைச் சொன்னேன். ஆசிரியை கோபப்படவில்லை. "நீங்க கேக்கறது நியாயம்தான் சார். ஆனா அந்த ரெண்டு சனிக்கிழமையும் உங்க பொண்ணு வராததால கயிறு இழுக்கற சீன் நடக்கல. மத்த பதினோரு பிள்ளைங்க சும்மா நின்னாங்க. அவங்க அப்பா அம்மா எல்லாம் என்கிட்ட காசு திருப்பிக் கேட்டா நான் யாருகிட்ட போய்க் கேக்கறது? உங்ககிட்டயா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நீச்சல் வகுப்புக்கோ கீபோர்டு வகுப்புக்கோ ஒரு குழந்தை வராவிட்டால் நஷ்டம் அந்தக் குழந்தைக்கு மட்டும்தான். நாடகத்தில் அப்படியில்லை. ஒருத்தி வராவிட்டால் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் காற்றைப் பார்த்துப் பேசவேண்டும். நான் 500 ரூபாய்க்கு வாங்கியதாக நினைத்திருந்த ஒரு மணிநேரத்தில் பெரும்பகுதி மற்றக் குழந்தைகள் கொடுத்தது. அதற்குப் பதிலாக என் மகள் அவர்களுக்குத் தரவேண்டியது, வந்து நிற்பது.

"அப்ப வகுப்புக்கு இவ்வளவுன்னு வாங்கிடலாமே மேடம்? வர்றவங்க மட்டும் கட்டட்டும்" என்றேன். அதையும் ஒரு பருவம் செய்து பார்த்தாராம். அந்தப் பருவத்தில்தான் வருகை ரொம்ப மோசம். முன்பெல்லாம் வரமுடியாதவர்கள் போன் செய்து வருத்தம் சொல்வார்கள். அந்தப் பருவத்தில் யாரும் சொல்லவில்லை. காசு கட்டவில்லை, வரவில்லை, கணக்கு சரியாகிவிட்டது.

இதைக் கேட்டதும் எனக்கு ஹைஃபா காப்பகங்களின் கதை நினைவுக்கு வந்தது. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் பத்து குழந்தைகள் காப்பகங்களை வைத்து யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. மாலையில் பிள்ளையை அழைத்துப்போகப் பெற்றோர் தாமதமாக வருவதைக் குறைக்க, ஆறு காப்பகங்களில் மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதமாக வருபவர்கள் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள். அதுவரை காத்திருக்கும் ஆயாவை நினைத்து ஓடிவந்தவர்களுக்கு, அபராதம் வந்ததும் தாமதம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளக்கூடிய ஒன்றாகிவிட்டது. இதில் என்னை எப்போதும் தொந்தரவு செய்வது அடுத்த பகுதி. சில வாரங்கள் கழித்து அபராதத்தை எடுத்துவிட்டார்கள். தாமதம் பழைய நிலைக்கு இறங்கவில்லை.

ஆக, ஆசிரியை சொன்னதை ஏற்றுக்கொண்டேன். நாடகத்தில் ஒரு குழந்தையின் இடம் விற்பனைக்கு உள்ள பொருள் இல்லை, எனவே பயன்படுத்தாத நாளுக்குத் திருப்பித் தரவும் ஒன்றுமில்லை. கட்டணம் அந்த ஹாலைத் திறந்துவைக்க எல்லோரும் போடும் பங்கு. 1,000 ரூபாயைப் பற்றி அதற்கப்புறம் நான் பேசவில்லை.

ஆனால் கிளம்பும்போது கேட்டேன்: "ராஜா எங்க மேடம்?"

ராஜாவாக நடிக்கும் பையன் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகன். என் மகள் சொல்லித்தான் அவனும் சேர்ந்தான். முதல் தவணை 3,000 கட்டியிருந்தார்கள். ஏழாவது வாரத்திலிருந்து அவன் வரவில்லை. ஆசிரியை அவனை வரவேண்டாம் என்று சொல்லவில்லை, பணத்தைக் கேட்கக்கூட இல்லையாம். அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் அவன் அப்பா ஒருவர்தான் போல. ஆறாவது வாரம் முடிந்ததும் அவரே நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு இது உறைத்தது. முதல் விதியும் மூன்றாவது விதியும் ஒன்றாக நிற்க முடியாது. இடம் காசுக்கு வாங்கியது இல்லை என்பதால்தான் எனக்கு 1,000 ரூபாய் திரும்பக் கிடைக்காது. அப்படியென்றால் காசு வரவில்லை என்பதற்காக அந்தப் பையனின் இடத்தை எப்படி எடுக்கமுடியும்? அவன் இல்லாமலும் பதினோரு பிள்ளைகள் சும்மா நிற்கத்தான் போகிறார்கள். காசு உள்ளவனிடம் "இது வியாபாரம் இல்லை" என்றும், இல்லாதவனிடம் "இது வியாபாரம்" என்றும் ஒரே தாள் சொல்கிறது.

அடுத்த வாரம் இதை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் ஒரு நோட்டை எடுத்துக் கணக்கைக் காட்டினார். பன்னிரண்டு பிள்ளைகள், 72,000 ரூபாய். ஹால் வாடகை வாரத்துக்கு 2,500, மொத்தம் 30,000. உதவிக்கு வரும் பெண்ணுக்கு வாரம் 1,000 வீதம் 12,000. கடைசி நாள் மேடை, மைக், துணிமணிக்கு 10,000. மிச்சம் 20,000. மூன்று மாத உழைப்புக்கு அவர் கையில் நிற்பது அவ்வளவுதான். ஒரு பிள்ளை மொத்தமாகக் கட்டாவிட்டால் அதில் 6,000 போய்விடும். "நீங்க சொல்ற நியாயத்துக்கு யாரு சார் வாடகை குடுப்பா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அறம் பேசுவது எனக்கு எளிது. மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

தமிழ் நாடகத்தில் பிள்ளைகளும் பணமும் முன்பு எதிர்த் திசையில் இருந்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. எம்.ஜி.ஆர். சிறுவயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனிகளில் பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோர் பணம் கட்டவில்லை. கம்பெனி சோறு போட்டது, தங்க இடம் கொடுத்தது, ஏதோ ஒரு சம்பளமும் தந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகமும் போனார்கள். ஆனால் அங்கே இடம் உறுதியாக இருந்ததற்குக் காரணம் பிள்ளையின் உழைப்பு. கண்டிப்பும் அடியும் உண்டு, நினைத்தபோது வீட்டுக்குப் போகமுடியாது. அதை நான் பொற்காலம் என்று சொல்லமாட்டேன்.

வேறொரு முறையும் இருக்கிறது. செய்யாறு பக்கம் என் அம்மாவின் ஊரில் திரௌபதை அம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டுத்தான் கூத்து வைப்பார்கள். வரி வீட்டுக்கு இவ்வளவு. நீ எத்தனை இரவு வந்து பார்த்தாய், பாதியில் தூங்கிப்போனாயா என்று யாரும் கேட்கமாட்டார்கள். தரமுடியாத வீட்டுக்காரனும் முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பான், அறுவடை முடிந்து கொடுப்பான். அழகான ஏற்பாடு என்று தோன்றும். ஆனால் ஊரில் ஒருவரை ஒதுக்கிவைக்க வேண்டுமென்றால் முதலில் செய்வது அவர் வீட்டில் வரி வாங்காமல் விடுவது. சேரியிலிருந்து வரி வாங்காத ஊர்கள் ஏன் வாங்குவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். வரி கொடுத்தவனுக்குத் திருவிழாவில் உரிமை வந்துவிடும். காசு கொடுக்க முடிவதிலும் ஒரு சேர்மானம் இருக்கிறது.

இதைப் புத்தகத்தில் படித்ததுபோல இங்கே எழுதுகிறேன். ஆனால் இஸ்திரி வண்டிக்காரரிடம் போனபோது எனக்கு இது ஞாபகம் வரவில்லை. "பையனோட மிச்சக் காச நான் கட்டிடறேண்ணே" என்றேன். அவர் பெட்டியைத் துணிமேல் வைத்தபடியே, நிமிராமல் சொன்னார்: "வேணாம் சார். ஓசில அவன் ராஜா வேஷம் போட வேணாம்." நான் கொடுக்க வந்தது அவருக்கு எதை எடுத்துக்கொள்வதாக இருந்தது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அவர் கேட்டிருக்கக்கூடியது இனாம் இல்லை. நாள். தீபாவளிக்குள் கட்டிவிடுகிறேன் என்று சொல்ல ஓர் இடம். அந்தத் தாளில் அப்படிச் சொல்ல ஒரு வரியும் இல்லை.

நாடகம் நடந்தது. ராஜாவின் வசனங்களை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நிலாவைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள், எல்லோரும் கைதட்டினோம். என் மகள் கயிற்றை நன்றாகத்தான் பிடித்தாள். காரில் வரும்போது, "அவனுக்குத்தாம்ப்பா எல்லா டயலாக்கும் தெரியும்" என்றாள்.

இந்த வருடத் தாளில் மூன்றாவது விதி இல்லை. அதற்குப் பதிலாக இப்படி இருக்கிறது: கட்டணப் பாக்கி பெரியவர்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது, எந்தக் குழந்தையின் வேடமும் அதனால் மாறாது, சேரும்போதே உங்களுக்கு முடிந்த தேதிகளை எழுதிக் கொடுங்கள். இதற்கு விலை இல்லாமலில்லை. வசதியுள்ள இரண்டு வீடுகள் ஒன்பதாவது வாரம் வரை பணம் கட்டவில்லை. அவர்கள் எழுதிக்கொடுத்த தேதி ஐந்தாவது வாரம். ஹைஃபாவில் நடந்தது இங்கேயும் நடக்கலாம் என்று ஆசிரியை பயப்படுகிறார். பயம் நியாயமானது. ஆனால் பெரியவர்களின் தாமதத்துக்கு ஒரு பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட, அந்த இரண்டு வீடுகளுக்கும் போன் போட்டுக் கேட்பது மேல் என்றும் சொல்கிறார். வரவு செலவு பார்ப்பதை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், எனவே அந்தப் போனை நான்தான் போடுகிறேன். கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

புதிய தாளில் ஒன்றை மடித்து, சட்டைகளோடு சேர்த்து இஸ்திரி வண்டியில் கொடுத்துவிட்டு வந்தேன். சட்டைகள் மறுநாளே வந்துவிட்டன. தாளைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.