வாளில் வந்ததும் கப்பலில் வந்ததும்

மரக்காணத்து உப்பளத்தில் சித்திரை மாதத்து உச்சி வெயிலில் நிற்பது புத்திசாலிகள் செய்கிற காரியமல்ல. பாத்திகளின் வெள்ளை கண்ணைக் குத்தியது. உப்பு வியாபாரியான பெரியவர் ஒருவர் இரக்கப்பட்டுத் தம் கொட்டகை நிழலுக்கு அழைத்தார். மரைக்காயர். பேச்சு எங்கெங்கோ சுற்றிச் சரித்திரத்தில் வந்து நின்றது. என்னிடம் அகப்பட்டுக்கொள்கிறவர்களுக்கு வழக்கமாக நேரும் கஷ்டம் அது!

"உங்கள் மார்க்கம் மற்ற தேசங்களுக்குப் படையோடு போயிற்று. எகிப்துக்கு 639-இல், சிந்துவுக்கு 711-இல். நம் கரைக்கோ கப்பலில் வந்தது. வந்த அரபு வணிகர்கள் இங்கேயே பெண் கட்டி உறவானார்கள். அதனால்தான் நீங்கள் நமாஸ் என்னாமல் தொழுகை என்கிறீர்கள், நோன்பு என்கிறீர்கள். சமணரும் பௌத்தரும் வழங்கிய 'பள்ளி'யை உங்கள் வழிபாட்டு இடத்துக்கு வைத்துக்கொண்டீர்கள். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டையே மழையும் வயலுமாகப் பாடிவிட்டார்!" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

பெரியவர் சிரித்தார். "அப்போ, வாளோட வந்த ஊர்க்காரங்க தொழுவுறது தொழுகை இல்லைன்னு ஆயிடுமாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

யோசித்தால் என் வாதத்தில் ஓட்டை இருந்தது. 'நமாஸ்' அரபுச் சொல் அல்ல, பாரசீகம். 642-இல் நிகாவந்துப் போரில் தோற்ற பாரசீகரும் நம்மைப் போலவே தொழுகைக்கும் நோன்புக்கும் சொந்தச் சொற்களை வைத்துக்கொண்டார்கள். அரபு எழுத்தை வாங்கி, அதில் தங்கள் பழைய மன்னர்களின் கதையை எழுதினார்கள். பிர்தௌசி ஷாநாமாவை முடித்தது 1010-இல். எகிப்தில் கதை வேறு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சர்க்கார் காகிதம் அரபுக்கு மாறிவிட்டது. பழைய கோப்து மொழி இன்று தேவாலய வழிபாட்டோடு நிற்கிறது. ஆனால் நாடு பிடிக்கச் சில வருஷங்கள் போதுமாயிருந்த அங்கே, ஜனங்களில் பெரும்பாலோர் மதம் மாறப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. வரி, உத்தியோகம், கல்யாணம், பக்கத்து வீட்டுச் சிநேகம், உண்மையான நம்பிக்கை எல்லாம் கலந்து வேலை செய்திருக்கின்றன. வரிக்குப் பயந்து மாறியவனின் பேரன் மனமுருகித் தொழுதிருப்பான். அவனிடம் போய், "உன் பக்தி செல்லாது, உன் தாத்தாவின் கணக்கைக் காட்டு" என்று கேட்க முடியுமா?

அதற்காக வாளை மன்னிக்க நான் தயாரில்லை. செத்தவன் செத்தவன்தான். ஆனால் வாளின் குற்றம் வாளை எடுத்தவனுடையது. கப்பலிலும் லாப ஆசை ஏறி வந்திருக்கும் அல்லவா?

எதிரே வாய்க்காலைத் திறந்து பாத்திக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். உப்பு 'விளைகிறது' என்றுதான் இங்கே சொல்கிறார்கள், நெல்லைப் போல.

622-இல் நபிகள் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போனபோது, இந்தத் தொண்டை மண்டலத்தை ஆண்டவன் மகேந்திரவர்ம பல்லவன். சமணனாக இருந்து அப்பரால் சைவனானான் என்பார்கள். அரசன் திருநீறு பூசியதும் எத்தனை ஊர்கள் பூசிக்கொண்டன? அவர்களில் மனசு கனிந்தவர் எத்தனை பேர், அரண்மனையைப் பார்த்து மாறியவர் எத்தனை பேர்? என் நெற்றிக்கு அது எந்த வரிசையில் வந்தது என்று என்னை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பெரியவர் ஒலுச் செய்ய எழுந்தார்.

"நீங்க உட்காருங்க. வெயில் தாழ்ந்து போகலாம்" என்றார்.