அது சிரிக்காது சார்!

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் சாட்ஜிபிடியைக் கேட்கிறார்கள், மூளையைக் கழற்றி வைத்துவிட்டார்கள் என்று நீங்களும் அலுத்துக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

திற்பரப்பு அருவி பார்க்க வந்திருந்த கல்லூரி மாணவர்களிடம், "பாடத்துல சந்தேகம் வந்தா யார்கிட்ட கேப்பீங்க?" என்றேன். எல்லோரும் செல்போனைக் காட்டினார்கள். பி.காம். படிக்கும் ஒரு பெண் காரணமும் சொன்னாள்: "கிளாஸ்ல கேட்டா எல்லாரும் சிரிப்பாவ சார். இது சிரிக்காது. பத்து தடவை கேட்டாலும் சலிக்காது."

முந்தைய ராத்திரி அவள் அதனிடம் கேட்டது இது: தேய்மானத்தைச் செலவு என்று எழுதுகிறோம், காசு ஒன்றும் கையைவிட்டுப் போகலையே, அப்புறம் எப்படிச் செலவு?

நானும் பி.காம்.தான். கணக்கியலில் இதைவிட நல்ல கேள்வி அபூர்வம். மெஷின் வாங்கிய அன்றே போன காசை, அது உழைக்கிற வருஷங்களுக்கெல்லாம் பங்குபோட்டு எழுதுகிறோம். இது புரிந்தால் பாதிப் பாடம் புரிந்த மாதிரி. இதற்கா சிரிப்பார்கள்? சிரிப்பார்கள். நாம் படித்த வகுப்புகள் மட்டும் என்ன வாழ்ந்தது!

மெஷினால் ஆபத்தே இல்லையா? உண்டு. துருக்கியில் சுமார் 1000 பள்ளி மாணவர்களை வைத்துப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தது 2025-ல் வெளியானது. சாதாரண சாட்பாட்டோடு கணக்குப் பயிற்சி செய்தவர்கள், அது இல்லாதவர்களைவிட 48 சதவிகிதம் அதிகம் வாங்கினார்கள். பரீட்சையில் அதைப் பிடுங்கியதும் 17 சதவிகிதம் குறைவு! விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருகிற சாட்பாட்டில் இந்தச் சரிவு அநேகமாக இல்லை. ஆக, மெஷினைத் திருத்திவிடலாம்.

என் கவலை வேறு. அந்தப் பெண்ணுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அவள் வகுப்புக்கு அந்தக் கேள்வி கிடைக்கவில்லை. பக்கத்து பெஞ்சில் இன்னும் நாலு பேர் அதே சந்தேகத்தோடு, 'நமக்கு மட்டும்தான் மண்டையில ஏறல' என்று குமைந்துகொண்டிருக்கலாம்.

சிவராத்திரிக்கு நடக்கும் சிவாலய ஓட்டத்தில் திற்பரப்பு மகாதேவர் கோயில் மூன்றாவது. 12 கோயில்களையும் வண்டியிலேயே சுற்றி வருகிறவர்கள் உண்டு. தப்பில்லை, தரிசனம் கிடைக்கும். ஆனால் 'கோவிந்தா, கோபாலா' என்று கத்திக்கொண்டு ஓடுகிறவனுக்குக் கால் வலிக்கும்போது, முன்னால் ஓடுகிறவனும் நொண்டுவது தெரியும்.

பேராசிரியர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். நேற்று ராத்திரி செல்போனிடம் கேட்டதை ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லி, அதிலிருந்து வகுப்பை ஆரம்பிக்கலாம். பெயர் எழுத வேண்டாம்.