மட்டசனம் யாருடைய கடமை?

ஞானோபதேசம் கற்ற நாள்களில் தலையான பாவங்கள் ஏழினையும் வரிசையாக ஒப்புவித்தோம். அவற்றுள் ஒன்று போசனப்பிரியம். அதற்கு எதிரான புண்ணியம் மட்டசனம். அளவோடு உண்பவன் புண்ணியவான். அளவு மீறுபவன் பாவி. கணக்கு அன்று எளிதாய் இருந்தது.

கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்றில் நோயில்பூசுதல் வழங்கச் சென்றபோது அக்கணக்குத் தடுமாறிற்று. ஏலத்தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கூலி வேலை செய்த தாய் ஒருவர், சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்து கட்டிலில் கிடந்தார். "வாயைக் கட்டியிருந்தால் கால் போயிருக்குமா, சாமி?" என்றார் உறவினர் ஒருவர். நாமும் தலையசைத்தோம். அந்தத் தாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் தலையசைப்பு இன்றும் நம்மை உறுத்துகிறது.

அவர் உண்டதுதான் என்ன? விடியுமுன் ஜீப்பில் மலையேறுகையில் தூக்குச்சட்டியில் சோறும் சிறிது குழம்பும், இரவிலும் சோறே. காயும் பருப்பும் கூலி மிஞ்சிய நாளில் மட்டும். இதையா போசனப்பிரியம் என்பது?

ஒருகாலத்தில் இம்மண்ணின் ஏழைகளுக்குக் கம்பும் சோளமும் சாமையுமே அன்றாட உணவு. நெற்சோறு திருநாளுக்கு உரியது. 1895-இல் முல்லைப்பெரியாறு அணை நிறைவுற்றது. வயல்களில் இருபோகம் நெல் விளைந்தது. பென்னிகுக்கை இம்மக்கள் இன்றும் நன்றியோடு நினைக்கின்றனர். பின்னர் ஆலைகள் அரிசியைத் தீட்டி வெண்மையாக்கின; தவிட்டோடு நார்ச்சத்தும் உயிர்ச்சத்தும் நீங்கின. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசி போக்கிய அரிசியைப் பழிப்பது நன்றிகேடு. ஆயினும் அரிசிக்கு விலையில்லை, காய்க்கும் பருப்புக்கும் விலை உண்டு என்னும்போது, ஏழையின் தட்டை நிரப்புவது ஆசையன்று, விலையே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி நாட்டில் 10.1 கோடிப் பேர் சர்க்கரை நோயாளர். தமிழகத்தில் வயதுவந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர். இத்தனை பேரும் ஒரே தலைமுறையில் பெருந்தீனிக்காரர் ஆகிவிட்டனரா?

அப்படியாயின் தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையா என்று வினவலாம். உண்டு. அறிவும் சுதந்திரமும் எவ்வளவோ, பொறுப்பும் அவ்வளவே என்பது ஒழுக்க இறையியலின் பழைய பாடம். ஆகவே, தேர்ந்து உண்ணும் வசதி படைத்த நமக்கே மட்டசனம் முதற்கடமை. வீடு சந்திப்பில் நீட்டப்படும் இனிப்பையும் காப்பியையும் மறுக்காத நாம், ஏழைக்கு உபதேசிப்பது எங்ஙனம்?

எஞ்சிய பொறுப்பு சமூகத்தினுடையது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாயிலுக்கே பரிசோதனையையும் மாத்திரையையும் கொண்டுவருகிறது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காய்கறிச் சாம்பாரும் தருகிறது. நம் பங்குகளோ? திருவிழா அசனத்தில் கீரையும் பயறும் கூடுதலாய், சர்க்கரை குறைவாய் அமையலாகாதா? சர்க்கரை நோயில் காலின் உணர்வு மங்குவதால் சிறு புண்ணும் அறியாமலே பெருகும். தினமும் பாதத்தைப் பாருங்கள் என்று அன்பியக் கூட்டத்தில் சொல்லலாகாதா?

அனுதின உணவை நாம் 'எனக்கு' என்று கேட்பதில்லை. 'எங்களுக்கு' என்றே கேட்கிறோம். அப்படியானால் மட்டசனமும் 'எங்களுடையது' ஆகாதா?

மறுமுறை அந்தத் தாயிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. "பேத்திக்கு என்ன கொடுத்தா நல்லது சாமி?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு விடை அவர் அடுப்பில் மட்டும் இல்லை.